நின்று நின்று போன கணினி

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்ச மாட்டேன். நடந்தது எனக்கு. பேய் பார்த்தவர்கள் எல்லோரும் நள்ளிரவு, சுடலை என்றுதான் தொடங்குவார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. திருகோணமலை உட்துறைமுக வீதியில், என் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே. நான் பௌதிகம் படித்தவன். அன்று குடித்திருக்கவும் இல்லை.

என் மனைவி நிரோஜினி டெங்குவில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஆசிரியை. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் பிள்ளைகளுக்கான பாடங்களைத் தன் குரலில் பதிந்து பழைய கணினியில் சேமித்திருந்தாள். கடல் உப்பு அந்தக் கணினியைத் தின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஓடும்போது ‘டிக்... டிக்...’ என்றது. இன்னும் சில தரம்தான் சுழலும் என்றான் நண்பன் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரன், டவுனில் கணினிக் கடை வைத்திருக்கிறான். அவளுடைய குரல் வேறெங்கும் இல்லை. அதைப் பிரதி எடுக்கத்தான் இருவரும் சேர்ந்து புதுக் கணினி ஒன்றைப் பொருத்தினோம்.

அது நின்று நின்று போனது. எச்சரிக்கை இல்லை. நீலத்திரை இல்லை. பிரதி எடுக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் திரை கறுத்துவிடும். ஒவ்வொரு தரமும் டிஸ்க்கின் ‘டிக்’ இன்னும் பலமாகக் கேட்டது.

ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தோம். பவர் சப்ளையை மாற்றினோம். ஸெய்னுதீனின் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி நாள் முழுக்க ஓடவிட்டோம். நிற்கவே இல்லை. நிரோஜினியின் டிஸ்க்கைப் பூட்டினால் மட்டும் நின்றது.

நிரோஜினியின் தாய் கமலாதேவி எங்களோடுதான் இருந்தார். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை மகளின் படத்துக்கு முன்னால் தினமும் பின்னேரம் ஒரு கோப்பை தேநீர் வைப்பார். அன்று அவர் மின்கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ரீ போடும்போதே கணினி நின்றது. ஸெய்னுதீன் குசினியை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“புடிச்சிட்டன் மச்சான்! பேயுமில்ல, பிசாசுமில்ல. ஒங்கட மாமிட கேத்தல்தான். அது கறண்ட இழுக்க இது சாகுது.”

“என்ர பிள்ளைக்கு ஒரு ரீ வைக்கவும் ஏலாதோ?” என்றார் மாமி.

“வையுங்கோ மாமி. காஸ் அடுப்பில வையுங்கோ,” என்றேன்.

கேத்தலைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். மாமி அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, ரீ போட்டுப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

கணினி நின்றது.

“அவளுக்கு விருப்பமில்லைத் தம்பி. விடுங்கோ.”

“விருப்பமில்லையெண்டா அவளே வந்து சொல்லட்டும்,” என்றேன்.

ஸெய்னுதீன் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளி. கணினிப் பெட்டியின் தகடு உள்ளே எங்கோ முட்டுகிறது என்று சொல்லி, ஸெய்னுதீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். மதர்போர்டை ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்தான். அதில் பவர் பட்டனின் வயர் பொருந்தும் இரண்டு சிறிய ஊசிகள். ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் கணினி ஓடத் தொடங்கும். காட்டித் தந்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். மாமி கோயிலில். நான் மட்டும்.

12.40. ஊசிகளைத் தொட்டேன். பிரதி எடுக்கத் தொடங்கியது. பாதி... முக்கால்... டிக்... டிக்...

பிடரியில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. அண்ணாந்து பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் யாரோ குனிந்து நிற்பதுபோல...

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊசிகளில் படாமல் இடது கையை அவற்றின் மேல் கவிழ்த்தேன்.

“இனி நிப்பாட்டு, பாப்பம்.”

டிக்...

புறங்கையில் ஏதோ பட்டது.

விரல்.

குளிரவில்லை. இளஞ்சூடு.

அழுத்தியது... விடவில்லை...

திரை கறுத்தது.

விரல் எடுபட்டது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

“அழுத்து நிரோ. எத்தினை தரமெண்டாலும் அழுத்து. நான் திரும்பப் போடுவன். உன்ர குரல் எனக்கு வேணும்.”

ஊசிகளைத் தொட்டேன். மறுபடி கையைக் கவிழ்த்தேன். விரல் வந்தது. இந்தத் தரம் அழுத்தவில்லை. புறங்கையில் அப்படியே இருந்தது. கடைசிப் பாடமும் வந்து சேரும்வரை இருந்தது.

பிறகு டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. அது அதன்பின் ஓடவேயில்லை.

ஸெய்னுதீன் தொழுகை முடிந்து வந்தான். கணினி ஏன் நின்றது என்று அதுவே பதிந்துவைக்கும் இடத்தைத் திறந்து பார்த்தான்.

“மச்சான், இது பழுதேயில்ல.”

“பிறகு?”

“ஒவ்வொரு தரமும் ஆரோ பவர் பட்டன அழுத்திப் புடிச்சு நிப்பாட்டி இரிக்கி. நாலு செக்கனுக்கு மேல. அப்பிடித்தான் பதிஞ்சிரிக்கி.”

“இண்டைக்கும்?”

“இண்டைக்கும்.”

அட்டைப் பெட்டியின் மேல் கிடந்த மதர்போர்டைப் பார்த்தான். மூலையில் கிடந்த வெறும் பெட்டியைப் பார்த்தான். பட்டன் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதன் வயர் எதிலும் பூட்டப்படாமல் தொங்கியது.

“இண்டைக்கு நீ எதடா அழுத்தின?”

நான் இடது புறங்கையைத் தடவிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் பூட்டிவிட்டேன். பட்டன் வயரை மட்டும் பொருத்தவில்லை. ஸ்குரூ டிரைவரால்தான் ஓடவிடுகிறேன். அவளுடைய பாடங்களைத் தினமும் கேட்கிறேன்.

நேற்றும் நடுவில் நின்றது.

திரும்பப் போட்டேன்.