மூன்றாவது கேட்

எங்கள் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு மூன்று கேட். வரும் டிரைவர்களைச் சரிபார்க்கும் ஒரே புரோகிராமை மூன்று கேட் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகக் காப்பியடித்துவிட்டு, மூன்று எழுதியதாக மார்தட்டிய மேதை நான்.

ஒருநாள் அது பெயரை மட்டும் பார்த்து லாரி டிரைவர் அந்தோணியைத் திருடன் என்று தடுத்தது. திருடியது அதே பெயருள்ள வேறொருவர். லைசென்ஸ் எண்ணையும் பார்க்கும்படி திருத்திவிட்டு, "இனி தைரியமா போங்கண்ணே" என்றேன்.

திருத்தியது இரண்டு கேட்டில்தான். மறுநாள் மூன்றாவதில் அலாரம் அலற, எல்லா டிரைவர்களும் பார்க்கக் காவலாளி அவர் சட்டையைப் பிடித்தார்.

"சரி பண்ட்டேன்னியே நைனா, இது இன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அந்தோணி.

என் தப்பு என்று லாரி முதலாளியிடம் கெஞ்சினேன். "கம்ப்யூட்டரே ரெண்டு தபா சொல்லுது. பொய்யா?" என்று அந்தோணியிடமிருந்து லாரி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்றே மூன்றாவதையும் திருத்தினேன். இப்போது அந்தோணி அண்ணன் எந்தக் கேட்டிலும் நுழையலாம். ஓட்டத்தான் லாரி இல்லை.