காணாமல் போன இரண்டு கிட்ஸ்

இன்று மாலை எங்கள் காப்பார் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகக் குடிவந்த மாலா அக்கா ஆங்கிலத்தில் ஒரு செய்தி போட்டார். "என் இரண்டு கிட்ஸைக் காணோம், தேடித் தாருங்கள்."

கொஞ்ச நேரத்தில் தாமானே தெருவில் நின்றது. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கால்வாய்ப் பக்கம் விரைந்தேன். அங்கே யாரும் இல்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பிள்ளைங்க என்ன சட்டை போட்டிருந்தாங்க?"

"சட்டையா? ஆட்டுக்குட்டிக்கு யாரு தம்பி சட்டை போடுவா?"

"கிட்ஸ்னு போட்டீங்களே!"

"ஆட்டுக்குட்டிக்கு இங்கிலீஷ்ல கிட் தானேலா!"

அதுவும் சரிதான். போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அக்கா அழுதுகொண்டிருந்தார். தாய் ஆடு செத்த பிறகு புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டிகளாம். விஷயம் தெரிந்தும் ஒருவர்கூட வீட்டுக்குத் திரும்பவில்லை.

கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன்! செம்பனைத் தோட்டத்து வேலியில் சிக்கி இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றைக் கூடையிலும் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு தாமானுக்குள் நுழைந்தேன். ஒரே கைதட்டல், விசில்!

இப்போது குழுவில் அக்கா, "என் கிட்ஸ் பத்திரமாக வந்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். டெங்கில் ஊருக்குக் குடிபோன பிறகும் குழுவில் இருக்கும் எங்கள் மாமா, "நல்லது, எத்தனாவது படிக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

யாராவது அவருக்குப் பதில் சொல்லுங்களேன்.