துணிக்கூரையின் கொக்கி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்குப் பயிற்சிக்காலம் முடிகிற மாதம் அது. பயிற்சிக்கு வந்த எங்களில் யாரைக் கம்ப்யூட்டர் மெஷினில் நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்பதை முதலாளி முடிவுசெய்யப் போவதாகப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆரம்பாக்கம் முழுக்க அம்மா ஏற்கெனவே, "எம்புள்ள கம்ப்யூட்டர் மெசினு ஓட்டறான்" என்று சொல்லிவைத்திருந்தாள். அந்த இடம் கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

அப்போதுதான் முதலாளியின் பழைய கார் மக்கர் செய்தது. துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளித் திறந்தபடி ஓட்டுகிற வண்டி. கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பிணைக்கிற கொக்கிகளில் ஒன்று அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தில் அவர் அதை ஓட்டியாக வேண்டும். சூப்பர்வைசர் என்னை ஷெட்டுக்கு அனுப்பினார். முதலாளி கண்ணில் பட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று ஓடினேன்.

டிரைவர் அண்ணன் சுத்தியலோடு நின்றிருந்தார்.

"ஒரே போடு நைனா, கயண்டுக்கும்."

"வேணாண்ணா, கீறல் வுழுந்துரும்."

எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அசையவில்லை.

"இன்னா இஞ்சினீரு, எண்ண தேச்சிக் குளிப்பாட்டினுகீறியா? அப்டியே சாம்பிராணியும் காட்டு."

உற்றுப் பார்த்தபோது துரு அதிகமில்லை. மழையில் நனைந்து காய்ந்த கூரைத்துணி சுருங்கி, கொக்கியை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. வெந்நீரில் நனைத்த துண்டுகளைத் துணிமேல் பரப்பினேன். அது கொஞ்சம் இளகியதும், அண்ணனைக் கூரையின் முன்விளிம்பை அழுத்தச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து கொக்கியின் நெம்புகோலை இழுத்தேன். கொக்கி விட்டுவிட்டது.

முதலாளி வந்து கூரையைத் திறந்து மூடிப் பார்த்தார். கொக்கியை விரலால் தடவினார்.

"ஒரு கீறல்கூட இல்லையே தம்பி! உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நாளையிலேர்ந்து திருவள்ளூர் வீட்டுக்கு வந்துடு. அங்க இன்னும் சில பழைய வண்டி கெடக்கு. தொடைக்கிறது, பார்த்துக்கறது எல்லாம் நீதான்."

"சார், மெஷின்ல..."

"மெஷினுக்கு எத்தனையோ பசங்க வருவாங்க. இந்தப் பொறுமை எவனுக்கு வரும்?"

அவர் போனதும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினுகீற? காலீல நாஷ்டாலாம் அங்கியே குடுப்பாங்க."

வீட்டில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "ஆயிடுச்சாடா?"

"ஆயிடுச்சும்மா. ஆனா வேல மொதலாளி ஊட்ல."

என் டிப்ளமோ படிப்புக்காக அடுத்தவர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள் அவள்.

"ஊட்டு வேலையா?"

"காருங்களப் பாத்துக்கறதும்மா."

மறுநாள் காலையில் கம்பெனிச் சட்டையை எடுத்தேன்.

"அங்க இத்தப் போட்டுக்கினு போவலாமாடா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.