கடவுளுக்குப் பக்க எண் இல்லை

இறையியல் கல்லூரி அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சொல்லடைவு அக்கா’. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் அகர வரிசையில் போடுகிறார்களே, அந்த வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்து வருபவர். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டைகளைப் போட்டு வைக்கப் பழைய ஷூ பெட்டிகள். எழுதியவர்களே சரியாகப் படிக்காத புத்தகங்களை அக்கா ஒருவர்தான் வரி விடாமல் படிக்கிறார் என்று கேலி செய்வார்கள். கேலி என்ன, உண்மையே அதுதான்.

இந்த முறை அக்காவிடம் வந்த புத்தகத்தை எழுதியவர் கல்லூரியின் இளம் பேராசிரியர். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் தத்துவவாதிகள் புராட்டஸ்டண்ட் இறையியலை எப்படிப் புரட்டிப் போட்டார்கள் என்பது விஷயம். கடவுளை அறிவால் எட்ட முடியாது, மனசாட்சியின் வழியாகத்தான் நெருங்க முடியும் என்றார் ஒருவர். பின்னால் வந்தவர் அதோடு விடவில்லை. கடவுள் வரலாற்றில் வளர்கிற ஆவி, மனித மனத்தில்தான் அது தன்னையே அறிகிறது என்றார். அவர்களை ஏற்றோ எதிர்த்தோதான் அடுத்து வந்த இறையியலாளர்கள் எழுத வேண்டியிருந்தது என்று நானூறு பக்கம். அக்காவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் இதுதான் அது என்று புத்தகம் சொன்ன இடங்களில் பக்க எண்களை ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்கு மாற்றி, வேலையை முடித்துவிட்டார்.

புத்தகம் வந்த பிறகுதான் கவனித்தார். ‘கடவுள் — காண்க: ஆவி.’ ஆவிக்குப் போனால், ‘காண்க: மனித மனம்.’ மனித மனத்துக்கு அறுபது பக்க எண்கள். கடவுளுக்கு ஒன்றுகூட இல்லை!

பேராசிரியர் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, மறுநாள் காலை விசாரணை. விசாரணைக் குழுத் தலைவரான மூத்த போதகரோ எந்தப் புத்தகத்திலும் சொல்லடைவை மட்டும் படிக்கிறவர். வேலை போனால் பேராசிரியருக்குக் கல்லூரி வீடும் போய்விடும். மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி.

காலையில் அக்கா கூப்பிடாமலேயே குழு அறைக்குள் போய் நின்றார். அக்கா பயந்தது போலவே போதகரின் விரல் அந்த வரியில்தான் இருந்தது.

“ஐயா, அது என் தப்பு. சார் அதைப் பாக்கவே இல்ல.”

“அப்போ கடவுள் எந்தப் பக்கத்துலம்மா வர்றாரு?”

அக்கா புத்தகத்தின் மேலட்டையைக் காட்டினார்.

“புத்தகமே அவரைப் பத்தித்தான்யா. புத்தகம் எதைப் பத்தியோ, அந்தச் சொல்லுக்கு நாங்க எண் போடறதில்ல. எங்க தொழில் வழக்கம்.”

போதகர் புத்தகத்தை மூடினார். பத்து நிமிஷத்தில் விசாரணை முடிந்தது; பேராசிரியரின் வேலை தப்பியது.

வராந்தாவில் பேராசிரியர் வெளிறிப்போய் நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று அக்கா எதிர்பார்த்தார்.

“நீங்க போட்டது தப்பே இல்லக்கா. கடவுளைத் தேடி நான் கடைசியில வந்து நின்ன இடமே அதுதான். என் மாணவங்களுக்குக்கூடப் புரியல, உங்களுக்குப் புரிஞ்சிருக்கு.”

“ஐயோ சார், எனக்கு ஒண்ணும் புரியல. நான் வரிசைதான் போட்டேன்!”

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஜெபிக்கக் கண்ணை மூடினார். ‘கடவுளே’ என்றதும் மனசுக்குள் அட்டைகள் புரள ஆரம்பித்தன. ஆவி. மனித மனம். அப்படியானால் இத்தனை வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? நம்மிடமேவா?

“என்னக்கா, இன்னிக்கு ஜெபம் இவ்வளவு நீளமா?” என்று கேட்டார் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, புத்தகம் தைக்கிற பைண்டர்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா” என்றார் அக்கா.