கன்னத்தில் போட்ட ஊசி

மஞ்சள் காமாலை போன பிறகும் என் கன்னம் திரும்பி வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். சோறு இறங்கியது, துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலைக்கும் திரும்பிவிட்டேன். கன்னம் இரண்டும் மட்டும் குழி விழுந்தே கிடந்தன. ஐம்பது வயதில் போன சதை அவ்வளவு சுலபமாக வராதாம்.

என் தங்கை ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும், திரேஸ்புரத்திலிருந்து முத்தையாபுரத்துக்கு பஸ் ஏறி, தூக்குவாளியில் கஞ்சியோடு வருவாள். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள்.

"அம்மா கடைசியா கெடந்த மாதிரியே இருக்கியேக்கா."

கண் கலங்கும். அம்மாவுக்கும் அவள்தான் கஞ்சி ஊட்டினாள். பாசம்தான், தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் எத்தனை ஞாயிறுதான் துக்கம் கேட்பாள்?

கன்னக் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போடப்போகிறேன் என்றதும் குதித்தாள்.

"சினிமாக்காரியா நீ? அம்மா மூஞ்சில்லா அது! அதயும் அழிச்சிட்டா நான் யாரப் போய்ப் பாக்க?"

"என்னப் பாருளா. நான் போடத்தான் போறேன்."

தோல் டாக்டரம்மா ஆசை காட்டவில்லை. ஜெல் மாதிரி மருந்து, ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும், பிறகு கரைந்துவிடும் என்றார். வீங்கும், கன்றிப்போகும், ரத்தக் குழாயில் அடைத்தால் ஆபத்து, வலி கூடினால் உடனே ஓடி வரவேண்டும் என்றார். இளமை திரும்பாது என்றும் சொன்னார்.

"சீக்காளி மூஞ்சி போனாப் போதும் டாக்டர்," என்றேன்.

மரத்துப்போகக் களிம்பு தடவினார்கள். அப்படியும் ஊசி இறங்கும்போது உள்ளே அழுத்தியது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தங்கை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் ஊசி போட்டதற்காக ஒரு நிமிஷமும் நான் வருந்தவில்லை.

வீக்கமெல்லாம் வடிந்த பிறகு ஒரு ஞாயிறு வெறுங்கையோடு வந்தாள். வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா போயிட்டா," என்றாள்.

"அம்மா எப்பவோ போயாச்சுளா. நான் இங்கனதான இருக்கேன்."

அழுது ஓயும்வரை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் அதே தூக்குவாளி வந்தது. எரிச்சலோடுதான் மூடியைத் திறந்தேன். கஞ்சி இல்லை. ஓடும் காலுமாக நண்டுக் குழம்பு.

"நல்லாக் கடிச்சுத் தின்னுக்கா," என்றாள்.