செவலை குடிக்காத தண்ணீர்

போன வாரம், மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில், ஒரு நாயின் முகத்துக்கு நேரே தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டியபடி நானும் என் அத்தானும் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தோம்.

நாய் குடிக்கவில்லை.

எங்களைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அதில் இரண்டு பேர் கையில் கம்பு…

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஊர் விக்கிரமசிங்கபுரம். நூல் ஆலை ஒன்றில் மெஷின்களைப் பழுது பார்த்தே முப்பத்தைந்து வருஷத்தைக் கழித்தவர். ரிட்டயர் ஆனதும் சும்மா இருப்பாரா? ஒரு பழைய வேனை வாங்கினார். சீட்டையெல்லாம் கழற்றினார். இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கூரையில் சோலார் தகடு என்று அதை ஒரு குட்டி வீடாகவே ஆக்கிவிட்டார். யூடியூபில் இதற்குக் கேம்பர்வேன் என்று பெயர். அவர்கள் தெருவில் வைத்த பெயர், ‘அண்ணாச்சி தேரு’.

தேர் செய்தால் வெள்ளோட்டம் விட வேண்டாமா? அதற்கும் ஒரு காரணம் வந்தது. சென்னையில் மகளுக்குப் பெண் குழந்தை. அக்கா முன்னாலேயே போய்விட்டாள். அத்தான் ரயிலேறிப் போயிருக்கலாம்தான். ஆனால் செவலையை யார் பார்த்துக்கொள்வது?

செவலை, அக்கா வளர்க்கும் நாட்டுநாய். ஆறு வயது. சைவ வீட்டில் வளர்ந்ததால் அதுவும் சைவம். காலையில் இட்லி, மத்தியானம் தயிர்ச்சோறு, வெள்ளிக்கிழமையானால் பருப்பும் நெய்யும். முட்டையைக்கூட மோந்து பார்க்காது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். யார் முட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

“மாப்ள, நீரும் வாரும் வே. கடலோரமாவே பைய போவோம். பேத்தியப் பாத்துட்டு, அப்படியே பழவேற்காடு வரைக்கும் போயி நம்ம கடற்கரை வடக்க எங்கன முடியுதுன்னும் பாத்துட்டு வந்துருவோம்” என்றார் அத்தான்.

நான் பாளையங்கோட்டையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. மூன்று பெரிய கேன்கள். ஒவ்வொன்றும் இருபது லிட்டர். எல்லாம் ஆற்றுத் தண்ணீர்!

வெளியூர் வாசகர்களுக்காக இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வெயிலைக் குறை சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வோம். எங்கள் பேச்சைக் கிண்டல் பண்ணுங்கள், கூடச் சேர்ந்து சிரிப்போம். தாமிரபரணித் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் முதல் வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிற கூட்டம் நாங்கள்.

இரண்டு கேன் வழிச் செலவுக்கு. மூன்றாவது கேனின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அது பேத்திக்குத் தலைக்கு ஊற்ற. அக்காவின் உத்தரவு. “அதுல கைய வச்சிய… வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதிய” என்று போனில் சொல்லியிருந்தாளாம்.

தூத்துக்குடியில் கடலைப் பிடித்தோம். அப்புறம் வேதாரண்யம், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று அவசரமில்லாத பயணம். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி சோறு வடித்தோம். செவலை இறங்கிப் போய் அலையைப் பார்த்துக் குரைக்கும். அலை திரும்பிப் போனதும், தான்தான் விரட்டியதாக எங்களை ஒரு பார்வை பார்க்கும்.

அத்தானுக்கு வேறு வேலை இருந்தது. டீக்கடையில் வண்டி நின்றால், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடுதான் இறங்குவார். “இதக் குடிச்சுப் பாரும் அண்ணாச்சி. அப்புறம் சொல்லும்.” டீக்கடைக்காரர் குடித்துவிட்டு, “தண்ணி மாதிரிதான் சார் இருக்கு” என்பார். அன்றைக்கு முழுக்க அத்தானுக்கு மனசு ஆறாது.

இப்படி ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்ததில், மரக்காணம் தாண்டும்போது இரண்டு கேனும் காலி.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. “பச்சப்பிள்ளையப் பாக்க வெள்ளிக்கிழமை காலம்பற வாங்க, அதுக்கு முந்தி வராதிய” என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் அந்தக் குப்பத்து ஓரத்தில், சவுக்குத் தோப்பு நிழலில் வேனை நிறுத்தினோம். அத்தான் அடுப்பைப் பற்றவைத்தார். நான் மடக்கு நாற்காலியில் சாய்ந்தேன். செவலை படகுகள் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை. குப்பத்துக் குழாயில் பிடித்து வந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தோம். செவலை பக்கத்தில் வந்தது. நாக்கை நீட்டியது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் படுத்துவிட்டது.

அத்தானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

“பாத்தீரா வே! அஞ்சறிவு. அதுக்குத் தெரியுது! நேத்து வரைக்கும் ஆத்துத் தண்ணி, இன்னைக்கு உப்புத் தண்ணி. தொடமாட்டேங்கு பாரும்!”

எனக்கும் பெருமை தாங்கவில்லை. மறைப்பானேன்?

தயிர்ச்சோற்றையும் வேண்டாம் என்றது. இந்த ஊர்த் தண்ணீரில் வடித்த சோறுதானே என்றோம். முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உப்புக் கரிக்கிறது போலிருக்கிறது என்றோம். எச்சில் ஒழுகியது. “ஊர்த் தண்ணிய நெனச்சு ஒழுகுது வே” என்றார் அத்தான். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினோம். அதையும் குடிக்கவில்லை. எங்கள் பெருமை இன்னொரு படி ஏறியது.

சாயங்காலம் அக்கா வீடியோ காலில் வந்தாள்.

“ஏல தம்பி, செவல ஏன் அப்படிக் கெடக்கு?”

“தண்ணி பிடிக்கலையாம் அக்கா. தாமிரபரணிதான் வேணுங்கு.”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “தாகம் எடுத்தா நாய் சாக்கடையிலயும் குடிக்கும்லே. அதுக்கு என்னமோ செய்யுது. டாக்டர்ட்ட கொண்டு காமிங்க.”

காலையில் பார்ப்போம் என்றோம்.

வியாழக்கிழமை காலையில் செவலை எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது. கண் உள்ளே போயிருந்தது. மோவாய்க்குக் கீழே மணல் முழுக்க எச்சில்.

அத்தான் கிண்ணத்தை எடுத்து அதன் வாயருகே கொண்டு போனார். நாய் உடம்பெல்லாம் நடுங்கப் பின்னால் நகர்ந்தது. கடலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

“தண்ணியக் கண்டா பயப்படுது… எச்சி ஊத்துது… வெறி நாய்ங்க இது!”

அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளை இழுத்து வீட்டுக்குள் விட்டார்கள். இரண்டு கம்புகள் வந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் தெருவில் இப்படி ஒரு நாய் கிடந்தால் நானும் கம்பைத்தான் தேடியிருப்பேன்.

அத்தான் செவலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “வெறியெல்லாம் இல்ல! வருசம் தவறாம ஊசி போட்டிருக்கு. மாப்ள, அந்தக் கார்டை எடும் வே!”

தடுப்பூசிக் கார்டை எடுத்து நீட்டினேன். யார் வாங்கிப் படித்தார்கள்?

அப்போது அத்தான் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேனுக்குள் ஏறினார். மூன்றாவது கேனை இழுத்து வந்தார். டேப்பைப் பிய்த்து எறிந்தார். பேத்தியின் தலைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரைக் கிண்ணம் நிறைய ஊற்றி, மணலில் மண்டியிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“குடிலே… நம்ம ஆத்துத் தண்ணி. ஒரு வாய் குடிச்சுக் காமிலே. எல்லாரும் போயிருவாங்க.”

செவலை கிண்ணத்தைப் பார்த்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஆத்துத் தண்ணியையும் குடிக்கலையே மாப்ள…” என்றார் அத்தான். குரல் உடைந்து போயிருந்தது.

அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. ஒரு முழு நாள் நாங்கள் நாயைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஒரு கையில் மீன் கூடை, ஒரு கையில் வாளி. கிட்டே வந்து செவலையைக் குனிந்து பார்த்தார்.

“இதானே அந்த நாயி? செவ்வாக்கெழம சாயங்காலம் என் கூடையாண்ட வந்து கெளுத்தித் தலையத் தூக்கிக்கினு ஓடிச்சே!”

“இல்லம்மா. எங்க நாய் மீனெல்லாம் திங்காது. அது சைவம்” என்றார் அத்தான். அந்த நிலைமையிலும்!

“அது உங்களாண்ட சொல்லிச்சா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒரு கம்பு கீழே இறங்கியது.

“கெளுத்தி முள்ளு ரம்பம் மாதிரிங்க. மாட்டிக்கிச்சின்னா லேசுல வராது. ஊசி போட்டது நெசந்தானே?” என்று கேட்டு, கார்டை அவர்தான் வாங்கிப் பார்த்தார். கையில் கெட்டியாகத் துணியைச் சுற்றிக்கொண்டார். செவலையின் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, வாயைத் திறந்தார்.

மேலண்ணத்தில் குறுக்கே ஒரு முள். இரண்டு பக்கமும் குத்தி நின்றது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

“குறடு இருக்குதா?”

அத்தானிடம் இல்லாத குறடா? ஓடிப்போய் எடுத்து வந்தார். மெஷின் லேசாக முனகினால்கூட முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்கிற மனிதர் அவர். நாயின் வாயை மட்டும் அவருக்குத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்த அம்மாள் பிடித்துக்கொள்ள, அத்தான் பைய இழுத்தார். செவலை வீறிட்டுக் கத்தியது. முள் வந்துவிட்டது. என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

அத்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

செவலை இரண்டு மூன்று தடவை வாயைச் சப்புக் கொட்டியது. தள்ளாடி எழுந்தது. எங்கள் கிண்ணத்தைத் தாண்டிப் போனது. அந்த அம்மாள் கீழே வைத்திருந்த வாளிக்குள் தலையை விட்டது. மீன் கழுவக் கொண்டு வந்த குழாய்த் தண்ணீர். மேலே இரண்டு செதில் மிதந்தது. சளக் சளக்கென்று பாதி வாளியைக் காலி பண்ணிவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.

நான் அத்தானைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கால்நடை டாக்டர் புண்ணுக்கு மருந்து வைத்து, ஊசி போட்டு, சலைன் ஏற்றினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது கேனை அந்த அம்மாள் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டோம். “சோறு வடிக்க ஆவும்” என்று வாங்கிக்கொண்டார். பேத்தி சென்னைத் தண்ணீரில் குளித்து, நன்றாகத்தான் தூங்குகிறாள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பழவேற்காடும் போனோம். தமிழ்நாடு முடிகிற இடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பக்கமும் அதே மணல், அதே காற்று. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அத்தான் யாரிடமும் கேட்கவில்லை.

நம் ஊர் உசத்தி என்று பேசுவதில் தப்பில்லை. பேசாத ஊர் ஏது? ஆனால் அப்படிப் பேச ஆரம்பித்தால், எதிரே கிடக்கிற உயிர் முனகுவதுகூட நம்மைப் பாராட்டுகிற மாதிரியே கேட்கிறது…

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம், செவலை எச்சில் ஒழுகப் பக்கத்தில் படுத்திருக்க, பத்திரிகைக்கு, இந்த வாரத்துக்கான பத்தியைப் போனிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீரைத் தொடாத நாயைப் பற்றி! படித்துப் பார்த்து நானே உருகிப்போனேன். மறுநாள் டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆசிரியரைக் கூப்பிட்டேன். அதைப் போட வேண்டாம், வேறு எழுதித் தருகிறேன் என்றேன்.

“ஏன் சார்? நல்லா இருந்துச்சே!”

“நல்லாத்தான் சார் இருந்துச்சு… நாய்தான் நல்லா இல்ல.”