காலரில் குத்திய மைக்

ஒத்தக்காது என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். வீடியோ எடுக்கிற தொழிலில் ஒலியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் என்றால் கேட்கிறவன் சிரிக்கத்தான் செய்வான். சிரித்துவிட்டுப் போகட்டும். இடது காது பிறவியிலேயே போனதல்ல. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததற்காக அவளுடைய அப்பா விட்ட ஒரு அறையில் போனது. காதிலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டையை நனைத்தபோது அந்தப் புண்ணியவான் கேட்டது, "அடுப்ப யாருடி துடைக்கறது?"

மிச்சமிருந்த வலது காதை அந்த வீடே தீட்டிக் கொடுத்தது. அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே இன்றைக்கு அடி தனக்கா அம்மாவுக்கா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்கு என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். பெல்ட் விழுகிற சத்தம், வாயில் துணியை அடைத்துக்கொண்டு அம்மா முனகுகிற சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ என்று எல்லாம் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்கும். இதைத் திறமை என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் பிற்பாடு சோறு போட்டது இதுதான்.

கல்யாணமாகிப் போன அக்கா அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அக்காவின் புருஷன் கேமராக்காரர். படம் கண்ணாடி மாதிரி எடுப்பார், ஒலி விஷயத்தில் மட்டும் ஆள் சுத்த மண்ணு. அவர் எடுத்த பேட்டிகளில் லாரி பேசும், காற்று பேசும், பேட்டி கொடுத்தவர் மட்டும் வாயை வாயை அசைப்பார். கேமராவிலேயே ஒரு மைக் இருக்கிறதே, அது போதாதா என்பது அவருடைய வாதம்.

"மாமா, அந்த மைக் உங்க பக்கத்துல இருக்கு. பேசறவரு அங்க இருக்காரு. அவரு பேசறது எப்படிக் கேக்கும்?" என்றாள் அவள். "சத்தமான எடத்துல ஒசந்த மைக்கு, மட்ட மைக்குன்னு எதுவும் கெடையாது. வாய்க்குப் பக்கத்துல இருக்கறதுதான் நல்ல மைக்கு."

அன்றிலிருந்து ஒலி அவள் பொறுப்பு.

இரும்பு உருக்காலையில் ஒரு தொழிலாளி மேல் கம்பிக்கட்டு விழுந்து செத்துப்போனான். விபத்து என்று ஆலை சொன்னது. இல்லை, பழைய இரும்பைக் கொட்டும் களத்தின் மேஸ்திரி வேண்டுமென்றே கொக்கியை அவிழ்த்தான் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் கிரேன்காரர். அவர் சொல்வதை வீடியோவில் பதிந்துதரச் சொல்லித் தொழிற்சங்க வக்கீல் இவர்களை அனுப்பினார். அறைக்குள் உட்கார வைத்து எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. கிரேன்காரர் கேட்கவில்லை.

"அவன் செத்த எடத்துல நின்னுதாம்மா சொல்லுவேன். வேற எங்கயும் சொல்ல மாட்டேன்."

போய்ப் பார்த்தால், களத்தை ஒட்டியே, இரும்பை உருட்டிக் கம்பியாக்குகிற உருட்டாலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். நீட்டிய பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிடிக்கிற நீளமான கம்பு மைக்கை எடுத்தாள். அவருக்குப் பின்னாலேயே உருட்டாலை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த இரைச்சலும் சேர்ந்து வந்தது. கையில் பிடிக்கிற மைக்கைக் கொடுத்தால், அதை வைத்தே இடத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினார். கடைசியில் காலரில் குத்துகிற பொடி மைக்தான். அதிலும் இரண்டு வகை வைத்திருந்தாள். நேர் எதிரே வருவதை மட்டும் கேட்பது ஒன்று, நாலா பக்கமும் கேட்பது இன்னொன்று. இரைச்சலுக்கு முதல் வகைதானே சரி என்று தோன்றும். ஆனால் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேல் சுமை தொங்குகிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டும், பக்கவாட்டில் திரும்பிக்கொண்டுமே பேசுவார்கள். முதல் வகை மைக் அவர் குரலைப் பாதியில் கோட்டைவிட்டுவிடும். அவள் இரண்டாவதை எடுத்து, தாடைக்கு நெருக்கமாகக் காலருக்குள் மறைத்துக் குத்தினாள்; குரலைக் கம்பியில்லாமல் அலையில் அனுப்புகிற அதன் பெட்டியை அவர் இடுப்பில் சொருகினாள். அவர் குரல் அவள் இடுப்பிலிருந்த பதிவுப் பெட்டிக்கும், அதிலிருந்து அவளுடைய ஹெட்போனுக்கும் பளிச்சென்று வந்தது.

பாதிப் பேட்டியில் மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டான். பேச்சே இல்லை. ஒருவன் மாமாவின் வாயில் குத்தினான். இன்னொருவன் கேமராவைப் பிடுங்கி இரும்புத் துண்டின் மேல் அடித்து நொறுக்கினான். வீடியோ என்றாலே கேமராதான் என்று நினைக்கிற ஜென்மங்கள். அவள் இடுப்பில் இருந்த பதிவுப் பெட்டியை எவனும் சீண்டவில்லை. இருவரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, கிரேன்காரரைத் தலைமுடியைப் பிடித்து இரும்புக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். மைக் அவர் காலரிலேயே இருந்தது.

அவளுக்கு எல்லாம் கேட்டது. கம்பி காற்றைக் கிழிக்கிற சத்தம். எலும்பில் விழுகிறபோது ஒரு மாதிரி, சதையில் விழுகிறபோது வேறு மாதிரி. ஒரு பல் கல்லில் தெறித்தது. மூச்சு ரத்தத்தில் கொப்பளித்தது.

"வண்டில ஏறு," என்றார் மாமா, கிழிந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு. "பதிவாகுதில்ல? அது போதும். ஆதாரம் கெடச்சிடுச்சு."

"ஆளு செத்துடுவாரு மாமா."

"நாமளும் சேந்து சாகணுமா?"

ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் கேட்டு வழியாகக் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று எப்போதும் கிடக்கும். கிரேன்காரரின் மைக் அனுப்புகிற அலையைப் பிடிக்கிற உபரிப் பெட்டியை எடுத்து அதில் செருகி, ஒலியை முழுதாகத் திருகினாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிக்கப் பார்த்த காரியம் தெருவுக்கே கேட்டது. முதலில் கிரேன்காரரின் அலறல். அதன் மேல் மேஸ்திரியின் குரல்.

"ஆமாடா, நான்தான் கொக்கிய அவுத்தேன். இப்ப உன் மேலயும் விடறேன், யாரு வந்து கேக்கறான்னு பாப்போம்!"

கும்பல் அப்படியே நின்றது. அடுத்த நொடி சாப்பாட்டு டப்பாக்கள் தரையில் உருண்டன, ஆட்கள் உள்ளே ஓடினார்கள். ஹெட்போனைக் கழற்றாமல் அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரியின் ஆட்கள் சுவரேறிக் குதித்திருந்தார்கள். மேஸ்திரி மட்டும் அகப்பட்டுக்கொண்டான். சுற்றி நின்று கம்பியாலும் பூட்ஸ் காலாலும் அவனை அடித்தார்கள். முழங்கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. காதிலிருந்து ரத்தம் வழிந்தது. கிரேன்காரர் சற்றுத் தள்ளி மல்லாந்து கிடந்தார், ஒரு கண் இருந்த இடமே தெரியவில்லை. உயிர் இருந்தது. உதடு அசைந்தது.

உருட்டாலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவர் சொன்னது அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

"போதும்டா... விட்டுடுங்கடா... அவன் செத்துடுவான்டா..."

கை நீட்டினால் கடைசியில் நின்றவனின் தோளைத் தொட்டிருக்கலாம். அவன் காதில் சொன்னால் போதும், அவன் முன்னால் நிற்பவனுக்குச் சொல்லியிருப்பான். அவள் சொல்லவில்லை. கீழே கிடந்தவன் "அம்மா, அம்மா" என்று கதறுவது அந்த மைக்கில் தெளிவாக வந்தது. அவளுடைய அப்பா வயதாகி, நோயில் படுத்து, அம்மா ஊட்டிய கஞ்சியைக் குடித்து நிம்மதியாகச் செத்தவர். அவர் மேல் கடைசிவரை ஒரு அடி விழுந்ததில்லை. அவள் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதுதான் உண்மை.

கதறல் நின்ற பிறகுதான் கத்தினாள். "விடச் சொல்றாருய்யா! அண்ணன் விடச் சொல்றாருய்யா!"

விட்டார்கள். விடுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

பதிவை வக்கீலிடம் கொடுப்பதற்கு முன்னால் மாமா, தொழிலாளிகள் உள்ளே நுழைகிற இடத்தோடு வெட்டிவிட்டார். நம்ம ஆட்களை நாமே காட்டிக்கொடுக்கக் கூடாது என்றார்.

கிரேன்காரர் பிழைத்துக்கொண்டார். உடைந்த தாடையைக் கட்டியிருந்த கம்பியை எடுத்த பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிரைக் காப்பாத்தின தங்கச்சி என்று அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் மிச்சமிருந்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "அவன அடிச்சப்ப, விட்டுடுங்கன்னு கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். யாருக்குமே கேக்கலையா?"

"சத்தம் அதிகமா இருந்துச்சுண்ணே," என்றாள் அவள்.

"ஆமாம்மா," என்றார் அவர். "மெஷினு ஓடிட்டிருந்துச்சுல்ல."